பேட்டரி வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்: கட்டுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த ஹெட்ஃபோன் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிச் சுற்று, கிட் வாங்கிப் பூட்டிக்கொண்டிருக்கும், அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குமரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவை இவை. பெரும்பாலான கேள்விகள் நியூட்யூப் 6பி1 வைத்த கிட்டைப் பற்றியவை. இசைக்கருவி செய்யும் கோர்க் நிறுவனமும் டிஸ்ப்ளே செய்யும் நோரிடேக் இட்ரானும் சேர்ந்து 2015-ல் அறிவித்த வால்வு அது. பழைய வீடியோ பிளேயர்களின் முகப்பில் நீலப் பச்சையாக நேரம் ஒளிருமே, அந்த டிஸ்ப்ளே செய்யும் முறையிலேயே செய்த இரட்டை டிரையோடு. அதாவது சூடாகும் இழை, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட், ஓட்டத்தை வாங்கும் அனோடு என்ற மூன்றும் கொண்ட வால்வு, ஒரே கூட்டில் இரண்டு. வேறு வால்வு வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

கேள்வி (மார்த்தாண்டம், பொறியியல் மாணவர்): அண்ணே, வால்வு என்றால் 250 வோல்ட் வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். சின்ன பேட்டரியில் எப்படி ஓடுகிறது?

பதில்: வோல்டேஜை விடப் பெரிய தடை இழையைச் சூடாக்கும் மின்சாரம்தான், தம்பி. 12ஏயூ7 என்ற பிரபலமான வால்வை எடுத்துக்கொள். அதன் ஹீட்டருக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் வேண்டும். கிட்டத்தட்ட 1.9 வாட், அதுவும் வெறும் சூட்டுக்கு. நல்ல ஏஏ ரீசார்ஜ் செல் ஒன்று சுமார் 2.4 வாட் மணி கொடுக்கும். அப்படியென்றால் ஒரு செல் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நியூட்யூபில் ஒரு இழைக்கு 0.7 வோல்ட், 17 மில்லி ஆம்பியர்தான். இரண்டு இழைக்கும் சேர்த்து 24 மில்லி வாட். அனோடுக்கும் 5 வோல்ட் கொடுத்தாலே வேலை செய்யத் தொடங்கும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்கு. இந்த வால்வால் நேரடியாக ஹெட்ஃபோனை ஓட்ட முடியாது. அதன் உள் மின்தடை லட்சக்கணக்கான ஓம், ஹெட்ஃபோனோ 32 ஓம். அதனால் வால்வுக்குப் பின்னால் ஒரு ஆப்-ஆம்போ (ஒலியைப் பெருக்கும் சின்ன ஐ.சி.) டிரான்சிஸ்டரோ நின்று சுமையைத் தாங்குகிறது. வால்வு சுவையைத் தருகிறது, பின்னால் இருப்பது பலத்தைத் தருகிறது. இரண்டையும் மதித்துக் கட்டினால்தான் பெட்டி நன்றாகப் பாடும்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததே இல்லை. எனக்கு எந்த கிட் சரிப்படும்?

பதில்: அக்கா, கோர்க்கின் நியூடெக்ட் வரிசையில் ஹெச்ஏ-எஸ் என்று ஒரு கிட் உண்டு. சால்டரிங் இல்லாமல் பூட்டலாம். ஆப்-ஆம்பை மாற்றிப் பார்க்கவும் வசதி உண்டு. அதில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உங்களுக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால், முதலில் மலிவான எல்.இ.டி. கிட் ஒன்றில் கை பழகுங்கள். 63/37 ஈயக் கம்பி வாங்குங்கள். அது 183 டிகிரியில் உருகி உடனே இறுகும், இடையில் களிமாதிரி நிற்காது. அதனால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு, வருவது குறையும். பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் போடுகிற ஆசிட் பேஸ்டைப் போர்டு பக்கமே கொண்டுவராதீர்கள்.

பூட்டும்போது ரெசிஸ்டர் போன்ற தாழ்ந்த பாகங்களை முதலில், உயரமான கப்பாசிட்டரைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்த பிறகே துளையில் செருகுங்கள். நிறக்கோடுகளை நம்பி இரவு விளக்கில் வேலை செய்தால் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

கேள்வி (தூத்தூர், மீன்பிடித் தொழிலாளி): ஆழ்கடலுக்குத் தங்கலுக்குப் போகும்போது பாட்டுக் கேட்கத்தான் இதைக் கட்டினேன். கரையில் நன்றாக இருக்கிறது. படகில் எஞ்சின் ஓடும்போது காதில் மணி அடிப்பதுபோல் 'கிங்' என்று ஓயாமல் கேட்கிறது. வால்வு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. இது எல்லோருக்கும் வருகிற தொல்லை, உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வந்திருக்கிறது. நியூட்யூபின் இழை முடியைவிட மெல்லியதாக, இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிறது. தட்டினால் அதிரும். அது அதிரும்போது கிரிட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறுகிறது, அந்த மாற்றம் சத்தமாகப் பெருகி வருகிறது. மேஜையில் விரலால் சுண்டினாலே கேட்கும். பெட்டிக்கு அருகில் யாராவது உரக்கப் பேசினால்கூடச் சிலவற்றில் கேட்கும்.

வழி என்னவென்றால், வால்வை மெயின் போர்டில் நேராகப் பற்றவைக்காமல் தனியாக ஒரு சின்னப் போர்டில் வைத்து, அதை மென்மையான ஒன்றின் மேல் மிதக்கவிடுவது. நம் மாவட்டம் முழுக்க ரப்பர் தோட்டம், வீட்டிலேயே ஷீட் கிடக்கும். ஆனால் அந்தப் பச்சை ஷீட்டை வெட்டி வைக்காதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் சூட்டில் பிசுபிசுத்துப் போர்டில் ஒட்டிக்கொள்ளும். பழைய கார் டியூபை வெட்டுங்கள். அது பியூட்டைல் ரப்பர், அதிர்வைத் தின்றுவிடும் குணம் அதற்கு உண்டு. அதற்கு மேல் மெத்தைக்குப் போடும் லேட்டக்ஸ் ஃபோம் ஒரு அடுக்கு. வால்வில் இருந்து மெயின் போர்டுக்குப் போகிற ஒயர் மயிர்போல மெல்லியதாக, பல இழை உள்ளதாக, கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அடியில் அருமையாக ஃபோம் வைத்துவிட்டு, கெட்டியான ஒற்றைக் கம்பியால் இணைப்பார்கள். அதிர்வு அந்தக் கம்பி வழியாகவே வந்து சேரும்.

இவ்வளவும் செய்தால் வீட்டிலும் பஸ்ஸிலும் சத்தம் அடங்கும். விசைப்படகின் டீசல் எஞ்சின் ஓடும்போது முழுவதும் அடங்கும் என்று நான் சொல்லமாட்டேன். எஞ்சினை நிறுத்தி வலை போட்டுக் காத்திருக்கிற நேரத்துக்கு இது அருமையான துணை. ஓட்டத்தின்போது கேட்க வால்வு இல்லாத சாதாரண ஆம்ப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஒரு மழைக்காலம் கழிந்ததும் போர்டில் பச்சை பூத்துவிட்டது, கரகர சத்தமும் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உப்பும் ஈரமும், பற்றவைத்தபோது மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) சேர்ந்தால் செம்பு அரிக்கும். நியூட்யூப் சுற்றில் இதன் பாதிப்பு இன்னும் அதிகம். மெகா ஓம் கணக்கில் மின்தடை உள்ள இடங்களில் போர்டு மேலுள்ள ஈரப்படலமே ஒரு ரெசிஸ்டர் மாதிரி மின்சாரத்தைக் கசியவிடும், பயாஸ் (கிரிட்டுக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜ்) அலையும். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பகல் காயவிடுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு போர்டுக்கான கோட்டிங் லாக்கரை மெல்லியதாக அடியுங்கள். ஜாக், வால்யூம் பாட் (குமிழின் பின்னுள்ள மாறும் மின்தடை), ஐ.சி. சாக்கெட், பேட்டரி முனை எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டு அடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். நம் ஊரில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிறது, ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில், வடசேரி): போர்டில் இரண்டு டிரிம்மர் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்ன மின்தடை) இருக்கின்றன. கிட்டோடு வந்த தாளில் ஒரு வோல்டேஜ் சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருப்பினால் ஒலி மாறும் என்கிறார்களே, எப்படிச் செட் செய்வது?

பதில்: இந்தக் கிட்டை உங்களுடையதாக ஆக்குவது அந்த இரண்டு டிரிம்மர்தான். மற்ற பாகங்களை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இதில் நேரம் கொடுங்கள்.

வழக்கமான வால்வுகளில் கிரிட்டுக்கு நெகட்டிவ் பயாஸ் கொடுப்போம். குறைந்த வோல்டேஜில் ஓடும் நியூட்யூபில் சில வோல்ட் பாசிட்டிவ் கொடுக்கிறோம். டிரிம்மர் அதைத்தான் மாற்றுகிறது. அதனால் அனோடு வோல்டேஜ் ஏறி இறங்கும், அதோடு இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூல ஒலியைப் போல இரு மடங்கு அதிர்வெண் உள்ள ஒலி, எவ்வளவு சேரும் என்பதும் மாறும். வால்வின் 'கதகதப்பு' என்று மக்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்த இரண்டாம் ஹார்மானிக். அது மூலச் சுரத்தின் மேல் ஸ்தாயி, ஆகவே காதுக்கு உறுத்தாமல் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் தாளில் சொன்ன அளவுக்கு வையுங்கள். இங்கே மீட்டரைக் கவனிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றின் உள் மின்தடை 1 மெகா ஓம்தான். அனோடு சுற்றே லட்சக்கணக்கான ஓம் என்பதால், அந்த மீட்டர் முனையை வைத்தவுடனே வோல்டேஜ் பத்து சதவீதத்துக்கு மேல்கூட இறங்கிக் காட்டும். 10 மெகா ஓம் மீட்டரைக் கடன் வாங்கியாவது அளவெடுங்கள்.

அப்புறம் கணினியின் சவுண்ட் கார்டில் ஆம்பின் வெளியீட்டைக் கொடுத்து, 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 2 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு முளை தெரியும். டிரிம்மரைத் திருப்பத் திருப்ப அது ஏறும், இறங்கும். மிகக் குறைவாக உள்ள இடம் ஒரு தேர்வு, கொஞ்சம் ஏற்றிய இடம் இன்னொரு தேர்வு. இரண்டு சானலிலும் ஒரே உயரம் வருமாறு வைப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் இரண்டு காதிலும் ஒலி ஒன்றுபோல இருக்காது.

காதால் முடிவு செய்ய நான் எடுத்துக்கொள்வது வில்லுப்பாட்டுப் பதிவு. வில்லில் கட்டிய மணிகள் சிதறுவது மேல் சுருதிக்கு, குடத்தின் அடி கீழ்ச் சுருதிக்கு, நடுவே புலவர் குரலும் உடுக்கையும். இரண்டாம் ஹார்மானிக்கை அதிகம் ஏற்றினால் குரல் தடித்து இனிமையாகும், ஆனால் மணிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மணியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், குரலிலும் சதை இருக்க வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் டிரிம்மரில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி (குழித்துறை): கூட வந்த ஆப்-ஆம்பை எடுத்துவிட்டு என்.இ.5532 போட்டேன். 9 வோல்ட் பேட்டரி புதிதாக இருக்கும்போது சரி, இரண்டு நாளில் உரத்த இடங்களில் கிழிகிறது. ஐ.சி. போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 9 வோல்ட்டை நடுவில் பிரித்தால் மேலும் கீழும் 4.5. என்.இ.5532 நிம்மதியாக வேலை செய்ய இரு பக்கமும் 5 வோல்ட்டாவது வேண்டும். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது திணறும். ஓ.பி.ஏ.2134 இரு பக்கமும் 2.5 வோல்ட் வரை தாங்கும். என்.ஜே.எம்.4556ஏ அதைவிடக் குறைவிலும் ஓடும், 70 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கவும் செய்யும். குறைந்த ஓம் ஹெட்ஃபோனுக்கு என் முதல் தேர்வு அதுதான், விலையும் குறைவு. மக்கள் பெயரைப் பார்த்து விலை உயர்ந்த ஐ.சி.யைத் தேடுகிறார்கள். பேட்டரிப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது டேட்டாஷீட்டில் (ஐ.சி. செய்தவர் தரும் விவரத் தாள்) உள்ள குறைந்தபட்ச வோல்டேஜ். புதிய ஐ.சி. செருகியதும் ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் வெளியீட்டில் டி.சி. (பாட்டு ஓடாதபோதும் நிற்கும் நேர் வோல்டேஜ்) அளந்து பாருங்கள். 20 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். சில ஐ.சி. அதிவேகத்தில் தானே ஊசலாடும். தொட்டால் காரணமில்லாமல் சுட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி (தோவாளை): 16 ஓம் இயர்ஃபோனில் பேஸ் சப்பென்று இருக்கிறது. 300 ஓம் ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் கிட்டில் வெளியீட்டில் 220 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. 16 ஓமோடு சேர்ந்தால் அது சுமார் 45 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கும். 300 ஓமுக்கு 2 அல்லது 3 ஹெர்ட்ஸ், ஆகவே தெரியாது. 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் 16 ஓமுக்கும் 10 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். இடம் போதுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பெரிய கப்பாசிட்டர் வைத்தால் ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தமும் பெரிதாகும். ஆன் செய்து அரை நிமிடம் கழித்து மாட்டும் பழக்கம் வேண்டும்.

கேள்வி (அருமனை): பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து 18650 என்ற லித்தியம் செல் எடுத்திருக்கிறேன். 9 வோல்ட்டுக்குப் பதில் இரண்டு போடலாமா?

பதில்: யோசனை நல்லது, செல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கவலை. 9 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியில் சுமார் 200 மில்லி ஆம்பியர் மணிதான். ஆம்ப் 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஆறரை மணி நேரம். 2500 மில்லி ஆம்பியர் மணி உள்ள இரண்டு 18650 தொடராக வைத்தால் எண்பது மணி நேரம் ஓடும். ஆனால் லேப்டாப்பில் இருந்து எடுத்தவை ஏற்றத்தாழ்வோடு இருக்கும். ஒன்று முழுதாக நிரம்பும்போது மற்றொன்று பாதியில் நிற்கும். புதிதாக ஒரே வகையில் இரண்டு வாங்குங்கள். இரண்டு செல்லுக்கான, பாலன்ஸ் செய்கிற (இரண்டையும் சமமாக நிரப்புகிற) பாதுகாப்புப் போர்டு கண்டிப்பாக வேண்டும். டி.பி.4056 என்ற சின்ன சார்ஜர் போர்டு ஒரு செல்லுக்கு மட்டும். அதைத் தொடரில் உள்ள இரண்டுக்குக் கொடுக்காதே மக்கா, தீப்பிடிக்கிற விஷயம். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லை உயிர்ப்பிக்கவும் பார்க்காதே.

இன்னொன்றும் உண்டு. ஒரே பேட்டரியை நடுவில் பிரிக்கும் சுற்றுகளில் ஹெட்ஃபோன் ஜாக்கின் பொது முனை பேட்டரியின் நெகட்டிவ் அல்ல, பாதி வோல்டேஜில் நிற்கிறது. லேப்டாப்பில் பாட்டு ஓடி, அதே லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில் சார்ஜும் ஏறினால், இரண்டு கிரவுண்டும் (சுற்றின் பொது முனை) மோதி ஷார்ட் ஆகலாம். சார்ஜ் ஏற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கும்படி ஸ்விட்ச்சை வயர் செய்துவிடு.

கேள்வி (சுசீந்திரம், வீணை ஆசிரியர்): தகரப் பெட்டி பிடிக்கவில்லை. மரத்தில் செய்யலாமா? ஒலி மாறுமா?

பதில்: ஐயா, வீணைக்குப் பலா செய்வதை இங்கே எந்த மரமும் செய்யாது. இங்கே ஒலி காற்றில் அல்ல, கம்பியில் போகிறது. ஆனால் கைக்கும் கண்ணுக்கும் மரம் தரும் நிறைவு பெரியது. அயினி மரம் ஈரத்தைத் தாங்கும், படகுக்கே அதைப் போடுகிறார்கள். கனமான பெட்டி என்றால் அதிர்வும் கொஞ்சம் குறையும். உள்ளே செம்புத் தாள் டேப் ஒட்டி கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உள்ள ஒயரிங்கின் ஹம் சத்தம் ஏறும். செம்புத் தாளை பேட்டரி நெகட்டிவோடு இணைத்தால், ஜாக்கின் உலோகக் கழுத்து அதைத் தொடக் கூடாது. மேலே சொன்ன அதே ஷார்ட் வரும். பிளாஸ்டிக் உடல் உள்ள ஜாக் வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி (இரணியல்): தாத்தா காலத்து வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. அதன் வால்வுகளை இதில் போட முடியுமா?

பதில்: கரண்டில் ஓடிய ரேடியோ என்றால் முடியாது. அதன் வால்வுகளுக்கு ஹீட்டர் மின்சாரமும் உயர் வோல்டேஜும் வேண்டும். கரண்ட் வராத ஊர்களில் பேட்டரியில் ஓடிய ரேடியோ என்றால் உள்ளே பாருங்கள். டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என்று இருந்தால் அவை 1.4 வோல்ட் இழை கொண்டவை, டி.ஏ.எஃப்.96-க்கு 25 மில்லி ஆம்பியர் போதும். அதை வைத்துச் சுற்று அமைக்கலாம். ஆனால் என் மனசு கேட்கவில்லை. இலங்கை வானொலி கேட்ட பெட்டியாக இருக்கும், அதை முழுசாகப் பழுதுபார்த்து ஓடவிடுங்கள். ஆம்புக்குப் புது வால்வு கிடைக்கும்.

கேள்வி (களியக்காவிளை): தினமும் திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போகிறேன். ஃபோன் சிக்னல் தேடும்போது 'டர்ர்' என்று இரைகிறது.

பதில்: உள்ளீட்டு ஒயரில் ஃபெரைட் மணி (ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) ஒன்று, கிரிட்டுக்கு மிக அருகில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். ஃபோனையும் ஆம்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், கோட்டாறு): இவ்வளவு பாடுபட்டுக் கட்டினால் ஃபோனில் நேராகக் கேட்பதைவிட உண்மையில் நன்றாக இருக்குமா? பலரும் மனப்பிரமை என்கிறார்கள்.

பதில்: ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்காவிட்டால் மனப்பிரமைதான். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி மீட்டரில் பார்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். அப்படிக் கேட்டும் எனக்குக் குரலும் நாகஸ்வரமும் நியூட்யூபில் நெருக்கமாக இருக்கின்றன. அது துல்லியம் கூடியதால் அல்ல, இனிமையான ஒரு கலப்படத்தை நாமே அளந்து சேர்த்ததால். 32 ஓம், 100 டெசிபல் உணர்திறன் உள்ள ஹெட்ஃபோனுக்கு 0.18 வோல்ட்டிலேயே காது நிறைந்துவிடும், ஆகவே பலத்துக்காக யாரும் இதைக் கட்ட வேண்டியதில்லை. சத்தமும் இரைச்சலும் இல்லாத பின்னணி கிடைத்த பிறகுதான் இந்தச் சுவை தெரியும். அதனால்தான் ரப்பர், கிரவுண்ட், பேட்டரி என்று முதலில் நச்சரிக்கிறேன்.

வால்யூமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இனிமையாக இருப்பதால் ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். கவனம்.

கேள்வி (அழகியமண்டபம்): வால்யூமை மிகக் குறைத்தால் இடது பக்கம் மட்டும் கேட்கிறது.

பதில்: மலிவான இரட்டை பாட்டில் தொடக்கத்தில் இரண்டு தடமும் ஒத்துப்போகாது. நல்ல பாட் மாற்றலாம், 'ஏ' என்று குறியிட்ட லாக் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஏறும்) வகையாக இருக்கட்டும். செலவு அதிகமில்லாத வழி, ஆம்பின் கெயினை (ஒலியைப் பெருக்கும் மடங்கு) குறைப்பது. ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்கில் (வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் வழி) உள்ள ரெசிஸ்டரைப் பாதி மதிப்புக்கு மாற்றினால் கெயின் ஏறக்குறைய பாதியாகும், குமிழை நடுப்பகுதி வரை திருப்பிக் கேட்க முடியும். இரண்டு சானலிலும் ஒரே மதிப்பு போட மறக்காதீர்கள்.